நட்பு நாட்டுத் தலைவர் என்றாலும் விடமாட்டார்களா? உளவு பற்றிக் கேள்வி பதில்

2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடென் என்ற இளைஞர் அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வின் ரகசிய ஆவணங்களைப் பத்திரிகையாளர்களிடம் கொடுத்தார். ஜெர்மனி, பிரேசில், மெக்சிகோ என்று அமெரிக்காவோடு கைகுலுக்கிக்கொண்டிருந்த நாடுகளின் தலைவர்களும் ஒட்டுக்கேட்கப்பட்டது அந்த ஆவணங்களிலிருந்துதான் வெளியே வந்தது. சேலத்தில் எங்கள் வாசகர் வட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவன் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (அஸ்தம்பட்டி, கல்லூரி மாணவி): எதிரி நாட்டை வேவு பார்ப்பது புரிகிறது சார். கூட்டாளி நாட்டுத் தலைவரின் போனை எதற்கு ஒட்டுக்கேட்க வேண்டும்?

பதில்: எதிரி என்ன செய்வான் என்பது ஓரளவுக்குத் தெரிந்த விஷயம் அம்மா. கூட்டாளி எந்த நேரத்தில் ஒத்துவருவார், எந்த இடத்தில் கழன்றுகொள்வார் என்பதுதான் தெரியாது. பின்னாளில் ஜெர்மனியின் ஆட்சித் தலைவரான ஆங்கெலா மெர்கலின் போன் எண் 2002 முதலே கண்காணிப்புப் பட்டியலில் இருந்ததாக டெர் ஸ்பீகல் பத்திரிகை எழுதியது. அப்போது அவர் ஆட்சியில்கூட இல்லை, எதிர்க்கட்சித் தலைவர். ஈராக் போர் வரப்போகிற நேரம், ஜெர்மனி என்ன நிலை எடுக்கும் என்று வாஷிங்டன் கவலைப்பட்ட நேரம்.

2009-இல் லண்டனில் ஜி-20 மாநாடு நடந்தபோது, விருந்தாளிகளாக வந்த பிரதிநிதிகளின் மின்னஞ்சலையும் போனையும் பிரிட்டிஷ் உளவு அமைப்பு கண்காணித்தது. அதற்காகவே இன்டர்நெட் மையம் அமைத்துக் கொடுத்தார்கள் என்று கார்டியன் நாளிதழ் 2013-இல் வெளியிட்டது. பேச்சுவார்த்தை மேசையில் எதிரே உட்காருபவரின் மனதில் இருப்பது முன்கூட்டியே தெரிந்துவிட வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். பயங்கரவாதத்தைத் தடுக்கத்தான் என்று சொல்வதை இந்த இடத்தில் நான் ஏற்கமாட்டேன். மெர்கல் போனில் எந்தப் பயங்கரவாதி பேசப்போகிறான்?

கேள்வி (சூரமங்கலம், செல்போன் பழுதுபார்ப்பவர்): ஒரு நாட்டின் தலைவர் போனையே எப்படிச் சார் கேட்க முடிகிறது?

பதில்: உங்கள் தொழிலுக்குப் பக்கத்து விஷயம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். செல்போனுக்கும் டவருக்கும் நடுவே பேச்சு ரேடியோ அலையாகத்தான் போகிறது. அந்த வட்டாரத்துக்குள் நல்ல ஆன்டெனா வைத்தால் பிடிக்கலாம். பிடித்தாலும் அது பூட்டிய நிலையில்தான், அதாவது பிறருக்குப் புரியாத குறியீடாக மாற்றப்பட்டுத்தான் இருக்கும். ஆனால் பழைய 2ஜி முறையின் பூட்டு எப்போதோ உடைக்கப்பட்டுவிட்டது. பெர்லினில் அமெரிக்கத் தூதரகம் பிராண்டன்பர்க் வாயிலை ஒட்டி இருக்கிறது. நாடாளுமன்றமும் மெர்கலின் அலுவலகமும் அங்கிருந்து நடக்கிற தூரம். ஒட்டுக்கேட்கும் கருவிகள் அந்தத் தூதரகத்தின் கூரையில்தான் இருந்தன என்று டெர் ஸ்பீகல் எழுதியது.

அடுத்தது கடலடிக் கேபிள். ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்குப் போகும் பேச்சும் இணையமும் பெரும்பாலும் கண்ணாடி இழைக் கேபிளில்தான் போகின்றன. கேபிள் கரையேறும் இடத்தில் ஒளியைப் பிரித்து ஒரு நகல் எடுத்துக்கொண்டால் போதும். பிரிட்டன் ‘டெம்போரா’ என்ற பெயரில் செய்தது இதைத்தான்.

மூன்றாவது வழிதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் தருவது. சுவிட்சர்லாந்தில் கிரிப்டோ ஏ.ஜி. என்று ஒரு நிறுவனம் இருந்தது. ரகசியச் செய்திகளைப் பூட்டி அனுப்பும் இயந்திரங்களை 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு விற்றது. இந்தியாவும் வாங்கியது. அந்த நிறுவனத்தின் உண்மையான முதலாளிகள் அமெரிக்காவின் சி.ஐ.ஏ.வும் ஜெர்மனியின் உளவு அமைப்பான பி.என்.டி.யும் என்பது 2020 பிப்ரவரியில் வெளியானது. பூட்டு வாங்கக் காசு கொடுத்தோம், சாவி முதலிலேயே அவர்கள் கையில் இருந்தது.

இப்போது இவ்வளவு சிரமம்கூட வேண்டாம். பெகாசஸ் போன்ற உளவு மென்பொருள் போனுக்குள்ளேயே புகுந்துவிடும். ஸ்பெயின் பிரதமர் பெட்ரோ சான்செஸ் போனில் 2021-இல் அது புகுந்திருந்ததை 2022 மே மாதம் அந்நாட்டு அரசே அறிவித்தது. சில நாட்களிலேயே உளவுத்துறைத் தலைவரை மாற்றினார்கள்.

கேள்வி (ஆத்தூர், ஜவ்வரிசி வியாபாரி): இதில் வியாபார ஆதாயமும் உண்டா ஐயா?

பதில்: உண்டு என்று பிரேசில் அடித்துச் சொன்னது. அதிபர் டில்மா ரூசெஃபின் தகவல் தொடர்பு வேவு பார்க்கப்பட்டது 2013 செப்டம்பர் 1 அன்று அந்நாட்டுத் தொலைக்காட்சியில் வெளியானது. அடுத்த வாரமே அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராஸும் குறிவைக்கப்பட்டது தெரிந்தது. கடலுக்கடியில் கண்டுபிடித்த பெரிய எண்ணெய் வயல் ஒன்றை பிரேசில் அரசு ஏலம் விட இருந்த நேரம். ஜவ்வரிசி டெண்டரில் எதிராளி எழுதப்போகும் விலை உங்களுக்கு மட்டும் முதல் நாளே தெரிந்தால் எப்படியோ, அப்படி. வியாபார ரகசியத்தைத் திருடித் தங்கள் கம்பெனிகளுக்குக் கொடுப்பதில்லை என்று அமெரிக்கா மறுத்தது.

ரூசெஃப் அக்டோபரில் போக இருந்த அரசுமுறைப் பயணத்தையே நிறுத்தினார். செப்டம்பர் 24 அன்று ஐ.நா. மேடையில், ஒபாமா பேசுவதற்குச் சற்று முன்னால் நின்று, இது சர்வதேசச் சட்டத்தை மீறும் செயல் என்று நேரடியாகவே சொன்னார். இளம் வயதில் ராணுவ ஆட்சியை எதிர்த்துச் சிறையில் சித்திரவதை பட்டவர் அவர். அந்தப் பேச்சில் இருந்தது நடிப்பில்லை என்று நான் நம்புகிறேன்.

கேள்வி (ஏற்காடு, பள்ளி ஆசிரியை): தலைவர்களை விடுங்கள். அந்த நாட்டு மக்கள் என்ன செய்தார்கள்?

பதில்: இதைத்தான் யாராவது கேட்க வேண்டும் என்று இருந்தேன் டீச்சர்.

ஜெர்மனியில்தான் கோபம் அதிகம். காரணம் அவர்கள் வரலாறு. கிழக்கு ஜெர்மனியில் ஸ்டாசி என்ற ரகசியப் போலீஸில் 1989-இல் முழுநேர ஊழியர்களே 90,000 பேருக்கு மேல் இருந்தார்கள். கணவனைப் பற்றி மனைவியே தகவல் கொடுத்த வீடுகள் உண்டு. ஆட்சி விழுந்த பிறகு தங்களைப் பற்றிய கோப்பைத் தாங்களே போய்ப் படித்த தலைமுறை இன்னும் இருக்கிறது. மெர்கலும் அந்தக் கிழக்குப் பகுதியில் வளர்ந்தவர்தான். அதனால் 2013 கோடையிலேயே, தலைவர் போன் விஷயம் வெளிவரும் முன்பே, மக்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். செப்டம்பரில் பெர்லினில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள்.

அரசு என்ன செய்தது தெரியுமா? ஆகஸ்ட் 12 அன்று மெர்கலின் அலுவலகத் தலைவர் ரொனால்ட் போஃபாலா, விவகாரம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார். கோடிக்கணக்கான குடிமக்களின் தகவல் போனபோது முடிந்துபோன விவகாரம். அக்டோபர் 23 அன்று மெர்கலின் சொந்த போன் என்று தெரிந்ததும் அதே அரசு கொதித்தது. மறுநாள் பிரஸ்ஸல்ஸில் அவர், நண்பர்களுக்குள் வேவு பார்ப்பது கூடவே கூடாது என்றார். சரியான பேச்சுதான். ஆனால் இரண்டு மாதம் முன்பு மக்களுக்காக வந்திருக்க வேண்டிய பேச்சு.

இந்தோனேசியாவில் வேறு மாதிரி. அதிபர் யுதோயோனோவின் போனையும் அவர் மனைவியின் போனையும் 2009-இல் ஆஸ்திரேலியா குறிவைத்தது 2013 நவம்பரில் வெளிவந்தது. ஜகார்த்தாவில் ஆஸ்திரேலியத் தூதரகத்தின் முன் கொடியை எரித்தார்கள். தூதரைத் திரும்ப அழைத்தார்கள், ராணுவ ஒத்துழைப்பை நிறுத்தினார்கள். ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் கடைசி வரை மன்னிப்புக் கேட்கவில்லை. மனைவியின் போன் என்பதுதான் அங்கே மக்களை அதிகம் சுட்டது என்று நினைக்கிறேன்.

அமெரிக்க மக்களும் சும்மா இல்லை. 2013 அக்டோபர் 26 அன்று வாஷிங்டனில், எங்களைக் கண்காணிப்பதை நிறுத்துங்கள் என்று பெரிய ஊர்வலம் நடந்தது.

கேள்வி (ஓமலூர், வங்கி ஊழியர்): எல்லா நாடும் இதைத்தானே செய்கிறது? அமெரிக்கா மட்டும் மாட்டிக்கொண்டது, அவ்வளவுதானே?

பதில்: பாதி சரி. கூடாது என்று மெர்கல் சொன்னாரே, அவருடைய பி.என்.டி.யும் நட்பு நாடுகளை வேவு பார்த்தது 2015-இல் வெளிவந்தது. 2021-இல் டென்மார்க் வானொலி ஒரு செய்தி வெளியிட்டது: டேனிஷ் ராணுவ உளவுத்துறையின் கேபிள் வசதி வழியாகவே அமெரிக்கா மெர்கலையும் மற்றவர்களையும் ஒட்டுக்கேட்டிருக்கிறது. பக்கத்து நாடே கதவு திறந்துவிட்டிருக்கிறது. அமெரிக்கக் கடற்படை ரகசியங்களை நட்பு நாடான இஸ்ரேலுக்குக் கொடுத்த அமெரிக்கர் ஜோனதன் பொல்லார்ட் 1985-இல் கைதாகி 30 ஆண்டு சிறையில் இருந்தார்.

ஆனால் எல்லாரும் செய்கிறார்கள் என்பதால் அது சரியாகிவிடாது. இந்த வாதத்தை ஆட்சியில் இருப்பவர்கள்தான் விரும்பிச் சொல்வார்கள். அதை நாம் ஏன் அவர்களுக்காகச் சொல்ல வேண்டும்?

கேள்வி (குகை, ஆட்டோ ஓட்டுநர்): நம்ம நாட்டையும் வேவு பார்த்தார்களா? நமக்கு ஏன் கோபம் வரவில்லை?

பதில்: நன்றாகவே பார்த்தார்கள் அண்ணா. 2013 மார்ச் மாதம் மட்டும் இந்தியாவிலிருந்து 630 கோடித் தகவல் துண்டுகள் எடுக்கப்பட்டதாக என்.எஸ்.ஏ.வின் சொந்தக் கணக்கே காட்டியது. ஈரான், பாகிஸ்தான், ஜோர்டான், எகிப்துக்கு அடுத்து ஐந்தாம் இடம். வாஷிங்டனில் உள்ள நம் தூதரகமும் நியூயார்க்கில் உள்ள நம் ஐ.நா. அலுவலகமும் குறிவைக்கப்பட்டன.

அப்போதைய வெளியுறவு அமைச்சர் சல்மான் குர்ஷித், இது அழைப்புகளின் போக்கைக் கணினியில் ஆராய்வது மட்டுமே, உண்மையான ஒட்டுக்கேட்பு இல்லை என்றார். அடி வாங்கியவரே அடித்தவருக்காக விளக்கம் சொன்னது எனக்கு இன்றைக்கும் வருத்தம். மெர்கல் விவகாரம் வந்தபோது, நம் பிரதமர் மன்மோகன் சிங் செல்போனே வைத்துக்கொள்வதில்லை, கவலையில்லை என்று பிரதமர் அலுவலகம் சொன்னது. அவர் கவலைப்பட வேண்டாம், சரி. மற்றவர்கள்? என்.எஸ்.ஏ. கண்காணிப்பதற்கு 2010-இல் அனுமதி வாங்கி வைத்திருந்த வெளிநாட்டு அமைப்புகளின் பட்டியலில் பாரதிய ஜனதா கட்சியும் இருந்தது என்று 2014-இல் வெளியானபோது மட்டும், ஆட்சிக்கு வந்திருந்த அக்கட்சியின் அரசு அமெரிக்கத் தூதரக அதிகாரியை அழைத்துக் கண்டித்தது. ஜெர்மனியில் நடந்ததே இங்கேயும் நடந்தது. தனக்கு என்றால்தான் கோபம்.

நமக்குக் கோபமே வராது என்று சொல்ல முடியாது. 1988-இல் போன் ஒட்டுக்கேட்புக் குற்றச்சாட்டில்தான் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகினார். 1991 மார்ச்சில், ராஜீவ் காந்தி வீட்டு வாசலில் ஹரியானா போலீஸார் இரண்டு பேர் வேவு பார்த்ததாக எழுந்த சண்டையில் சந்திரசேகர் அரசே போனது. உள்ளூரில் ஒருவர் இன்னொருவரைக் கேட்டால் நமக்குப் புரிகிறது. தூரத்தில் ஒரு கணினி எல்லாரையும் கேட்டால் அது யாருக்கும் நடக்காதது போலத் தோன்றுகிறது.

கேள்வி (மேட்டூர், வழக்கறிஞர்): வியன்னா உடன்படிக்கை இதைத் தடுக்கவில்லையா?

பதில்: 1961 வியன்னா உடன்படிக்கைப்படி தூதரகக் கட்டடமும் அதன் தகவல் தொடர்பும் தொடக்கூடாதவை. தூதரகத்தில் இருப்பவர்களும் அந்த நாட்டுச் சட்டத்தை மதிக்க வேண்டும். மீறினால் அதிகபட்சம் ஆளை வெளியேற்றலாம். 2014 ஜூலையில் ஜெர்மனி, பெர்லினில் இருந்த சி.ஐ.ஏ. தலைமை அதிகாரியை அப்படித்தான் வெளியேறச் சொன்னது. மெர்கல் போன் பற்றிய குற்ற விசாரணையை மட்டும், நீதிமன்றத்தில் நிற்கும் அளவுக்குச் சான்று இல்லை என்று 2015 ஜூனில் கைவிட்டார்கள்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துபவர்): மறுபடியும் டைப்ரைட்டருக்குப் போனார்களாமே?

பதில்: ரஷ்யப் பாதுகாப்புத்துறை ஒன்று 2013-இல் வாங்கியது. லண்டனில் உள்ள இந்தியத் தூதரகமும் முக்கியமான குறிப்புகளை டைப்ரைட்டரில் அடிக்கத் தொடங்கியதாகச் செய்தி வந்தது. ஜெர்மன் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் தலைவரும் அதை யோசிப்பதாகச் சொன்னார்.

கேள்வி (தாதகாப்பட்டி, இல்லத்தரசி): எங்களைப் போன்றவர்கள் போனில் என்ன ரகசியம் இருக்கிறது? யார் கேட்கப்போகிறார்கள்?

பதில்: நீங்கள் பேசியதை யாரும் உட்கார்ந்து கேட்க வேண்டியதில்லை அம்மா. யாருக்கு, எப்போது, எங்கிருந்து, எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்ற விவரமே போதும். இரவு இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஒரு அழைப்பு, காலையில் அண்ணனுக்கு ஒன்று, பிறகு அடகுக்கடைக்கு ஒன்று. வீட்டில் நடந்தது முழுவதும் தெரிந்துவிடும்.

நம் நாட்டில் போனை ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலாளர் மட்டத்தில் எழுத்துப்பூர்வ உத்தரவு வேண்டும், அது இரண்டு மாதம்தான் செல்லும், நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் விதி வகுத்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. அது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கேள்வி (வாழப்பாடி, விவசாயி): இவ்வளவு கோபப்பட்டு என்ன ஆயிற்று? ஏதாவது மாறியதா?

பதில்: அரசுகள் சீக்கிரம் சமாதானமாகிவிட்டன. 2014 ஜனவரி 17 அன்று, நெருங்கிய நட்பு நாட்டுத் தலைவர்களை மிக அவசியமான பாதுகாப்புக் காரணம் இல்லாமல் கண்காணிக்கமாட்டோம் என்று ஒபாமா வாக்குக் கொடுத்தார். தலைவர்களுக்கு வாக்கு கிடைத்தது. அவர்களின் ஆலோசகர்களைப் பற்றி அதில் பேச்சே இல்லை. 2023 ஏப்ரலில் கசிந்த அமெரிக்க ரகசிய ஆவணங்களில் தென்கொரிய அதிபரின் பாதுகாப்பு அதிகாரிகள் பேசியது இருந்தது. அங்கே எதிர்க்கட்சிகள் இறையாண்மை போய்விட்டது என்று கொதித்தன. அதிபர் யூன் அதே மாதம் வெள்ளை மாளிகைக்கு அரசுமுறைப் பயணம் போய் வந்தார்.

உருப்படியான மாற்றம் மக்கள் பக்கமிருந்து வந்தது. ஜெர்மனியில் ஒபாமா மேல் நம்பிக்கை வைத்தவர்கள் ஒரே ஆண்டில் 88 சதவீதத்திலிருந்து 71-ஆகக் குறைந்ததை பியூ என்ற அமெரிக்க ஆய்வு மையத்தின் கருத்துக்கணிப்பு காட்டியது. அமெரிக்கர்களின் அழைப்பு விவரங்களை மொத்தமாகச் சேர்ப்பதை 2015 ஜூனில் அந்நாட்டு நாடாளுமன்றமே சட்டம் போட்டு நிறுத்தியது. ஆஸ்திரியாவில் மாக்ஸ் ஷ்ரெம்ஸ் என்ற சட்ட மாணவர், என் ஃபேஸ்புக் விவரங்கள் அமெரிக்காவுக்குப் போனால் பாதுகாப்பில்லை என்று 2013-இல் புகார் கொடுத்தார். 2015 அக்டோபர் 6 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஏற்று, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே 15 ஆண்டாக இருந்த தகவல் பரிமாற்ற ஏற்பாட்டையே செல்லாது என்றது. 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் எல்லா உரையாடலுக்கும் முழுப் பூட்டுப் போட்டது. நீங்கள் மரவள்ளி விலை விசாரித்து அனுப்பும் செய்திக்கும் அந்தப் பூட்டு உண்டு.