பண்ணை வீட்டு நீச்சல் குளத்துக்கு அனுமதி வேண்டுமா?

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் பண்ணை வீட்டை நாள் வாடகைக்கு விடும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஒரு லட்சம் லிட்டர் குளம், வீட்டுக் குளம்தானே, இதற்கும் அனுமதி வேண்டுமா? சனி ஞாயிறு கூட்டம் வந்தால் குளோரின் வாடை தூக்குகிறது, பிள்ளைகளுக்குக் கண் சிவக்கிறது. மருந்தைக் குறைக்கட்டுமா?"

குறைக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அது குளோரின் கூடிப்போன வாடை இல்லை; குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரமின் ஆகிவிட்ட வாடை, அதாவது கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரின் அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகிறது. எல்லோரையும் ஒரு நிமிடமாவது ஷவரில் நிற்கவைத்து இறக்குங்கள், பாதி தொல்லை அதிலேயே போய்விடும்.

அனுமதிக்கு வருகிறேன். காசு வாங்கி வெளியாட்களை இறக்கிய நாளே அது வீட்டுக் குளம் இல்லை. உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் வாய்ச்சொல்லாகக் கேட்டுவிட்டு வராமல், எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். வட்டார சுகாதார ஆய்வாளரையும் பாருங்கள்.

ஆய்வுக்கு வருகிறவர் கேட்கும் முதல் பொருள், குளோரினை அளந்து எழுதும் பதிவேடு. முப்பது நாளும் ஒரே பேனாவில் "2.0" என்று எழுதியிருந்தால் புரட்டும்போதே தெரிந்துவிடும், குளம் ஒருநாளும் அப்படி இருக்காது. குளிக்கத் திறக்கும் முன்பும், கூட்டம் இருக்கும்போது சில மணி நேரத்துக்கு ஒருமுறையும் அளந்து, வந்த எண்ணை அப்படியே எழுதுங்கள். தனிக் குளோரின், அதாவது அழுக்கோடு சேராமல் கிருமியைக் கொல்ல மிச்சமிருக்கும் குளோரின், லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராமும், தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.2 முதல் 7.8 வரையும் இருந்தால் நல்லது. பிஎச் 8 ஆகிவிட்டால் போட்ட குளோரினில் கால்பங்குதான் வேலை செய்யும். பிளீச்சிங் பவுடரே பிஎச்சை ஏற்றிவிடும், அதனால் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பிஎச்சை இறக்க ஆசிட் விடுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: ஆசிடும் பிளீச்சிங்கும் ஒரே வாளியில் சேர்ந்தால் விஷவாயு கிளம்பும், இரண்டையும் ஒரே அறையில்கூட வைக்காதீர்கள்.

சோதனைப் பெட்டி வாங்கும்போது கவனம். தண்ணீரை மஞ்சளாக்கும் ஓடிஓ சொட்டு மருந்து குளோரமினையும் சேர்த்தே காட்டும், அதை நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். இளஞ்சிவப்பாக மாறும் டிபிடி மாத்திரைதான் தனிக் குளோரினைப் பிரித்துச் சொல்லும். உங்கள் அளவுக் குளத்தில் குளோரினை லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஏற்ற 30 சதவீத பிளீச்சிங் பவுடர் என்றால் ஏறக்குறைய 330 கிராம் ஆகும்.

தோப்புக்குப் போகும் மோட்டார் தண்ணீர்தானே, ஓடிக்கொண்டே இருக்கிறதே, மருந்து எதற்கு என்று சிலர் தொட்டியில் அப்படியே குளிக்க விடுகிறார்கள். 2024இல் பக்கத்துக் கேரளத்தில் மூளையைத் தாக்கும் அமீபாவால் பிள்ளைகள் இறந்தார்கள். வெதுவெதுப்பான நன்னீரில் வளரும் அது, குடிப்பதால் வராது, மூக்கில் தண்ணீர் ஏறும்போதுதான் போகும். தொட்டியில் தொப்பென்று குதிக்கிற பிள்ளைக்கு மூக்கில் தண்ணீர் ஏறாமல் இருக்குமா? குளோரின் சரியாக இருக்கும் தண்ணீரில் அது பிழைக்காது.

அப்புறம், தினமும் காலையில் கரையில் நின்று ஆழமான பகுதியின் அடி வடிகால் மூடியைப் பாருங்கள். அதன் ஓட்டைகள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், அடியில் ஒரு பிள்ளை மூழ்கிக் கிடந்தாலும் உங்களுக்குத் தெரியாது. அட்வான்ஸ் கொடுத்தவர்கள் வாசலில் நின்றாலும் பரவாயில்லை, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அன்றைக்குக் குளத்தைப் பூட்டிவிடுங்கள்.