அத்தையையும் அழைத்துக்கொண்டு பினாங்கு போங்கள், குக்கர் வேண்டாம்

கேள்வி: எங்களுக்குத் திருவாரூர் பக்கம். கணவர் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறார். மகன் ஒன்பதாம் வகுப்பு, மகள் ஐந்தாம் வகுப்பு. சீட்டுப் பணம் கைக்கு வந்ததால் மே மாத விடுமுறையில் முதல் முறையாக வெளிநாடு போகலாம் என்று இருக்கிறோம். தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் மூன்றையும் ஏழு நாளில் காட்டும் பேக்கேஜுக்கு முன்பணம் கட்டலாம் என்கிறார் கணவர். எங்களுடன் இருக்கும் மாமியாருக்கு 71 வயது. முழங்கால் வலியும் சர்க்கரையும் உண்டு. "நான் எதற்கு, நீங்கள் போய் வாருங்கள்" என்கிறார்கள். நாத்தனார் தன் வீட்டில் வைத்துக்கொள்வதாகச் சொல்கிறார். ஆனால் மாமியாரின் அப்பா மலேசியாவில் உள்ள பினாங்கில் ஒரு கடையில் கணக்கெழுதியவர். அவர் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் போன கதையை அவர்கள் பேசாத நாளில்லை. விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்றைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. "வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, சின்ன குக்கரும் அரிசியும் எடுத்துக்கொள்" என்கிறார் கணவர். அங்கே போயும் சமைக்கத்தான் வேண்டுமா என்று நினைத்தால் போகவே பிடிக்கவில்லை. இப்படி நினைப்பது தவறா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்களே, அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். தவறே இல்லை. வருடம் முழுவதும் காலையில் எழுந்து ஐந்து பேருக்கு இட்லி ஊற்றி, இரண்டு டிபன் பாக்ஸ் கட்டி, பத்தியச் சமையல் தனியாக வைக்கும் ஒருத்திக்கு ஒரு வாரம் அடுப்படிப் பக்கம் போகாமல் இருக்க வேண்டும் என்று தோன்றுவதில் என்ன குற்றம்? சீட்டுப் பணத்தை மாதாமாதம் கட்டிச் சேர்த்ததில் உங்கள் கையும் இருந்திருக்கும். வீட்டில் எல்லோருக்கும் விடுமுறை என்றால் அதில் நீங்களும் சேர்த்திதான். கணவரிடம் இதைச் சண்டையாக இல்லாமல், ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்: "குக்கர் வந்தால் நான் வரவில்லை." ஒரே முறை, சிரிக்காமல் சொன்னால் போதும்.

அவர் கவலையிலும் நியாயம் இருக்கலாம். வெளிச்சாப்பாடு பலருக்கு உண்மையிலேயே ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே நம் சாப்பாடு நடந்தே போகிற தூரத்தில் கிடைக்கும் ஊராகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டால் அந்தப் பேச்சு முடிந்துவிடும். ஹோட்டல் அறைகளில் சமைப்பதற்குப் பெரும்பாலும் அனுமதி கிடையாது. கடுகு தாளித்த புகையில் எச்சரிக்கை மணி அலறினால் அந்த அவமானமும் உங்கள் தலையில்தான் விழும்.

எந்த ஊர் என்பதற்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பினாங்கு.

உங்கள் கணவர் மூன்று நாடு என்று ஆசைப்படுவது எனக்குப் புரிகிறது. இவ்வளவு செலவு செய்து போகும்போது நிறையப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தப் பயணத் திட்டத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, அவர் வங்கியில் கணக்குப் பார்ப்பது போலவே நேரத்தைக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பெட்டி கட்ட வேண்டும், அறையைக் காலி செய்ய வேண்டும், விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போய் நிற்க வேண்டும், இறங்கிய இடத்தில் குடிவரவு வரிசையில் மறுபடி நிற்க வேண்டும். அரை நாள் போவது நிச்சயம், பல சமயம் முழு நாளே போய்விடும். திருச்சியிலிருந்து போய்வரும் நேரத்தையும் கழித்தால் ஏழு நாளில் உருப்படியாக மிஞ்சுவது நான்கு நாள்தான். அதை மூன்று நாடுகளுக்குப் பங்கு போட்டால் பஸ் ஜன்னல்தான் மிச்சம். பெட்டி கட்டுவது யார் வேலை என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி உங்கள் மாமியார் விஷயம். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. "நான் எதற்கு" என்று அவர்கள் சொன்னதை மறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வயதில் பலர் செலவை நினைத்தும், பாரமாகிவிடுவோமோ என்று பயந்தும் அப்படித்தான் சொல்வார்கள். எல்லோர் முன்பும் "வருகிறீர்களா அத்தை" என்று கேட்டால் அதே பதில்தான் வரும். ஒரு நாள் மதியம், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து, "உங்கள் அப்பா இருந்த ஊருக்குத்தான் போகிறோம், நீங்கள் இல்லாமல் எங்களுக்கு யார் சொல்வார்கள்" என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் அது உண்மையான வேண்டாம். அப்போது நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு நிம்மதியாகப் போய் வரலாம். நாத்தனார் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். என்றாலும் இதில் முடிவெடுக்க வேண்டியவர் உங்கள் மாமியார். அவரைக் கேட்காமல் அவரை எங்கே வைப்பது என்று மற்றவர்கள் பேசிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அவர்கள் சொல்லும் கப்பல் அநேகமாக ரஜூலாவாக இருக்கும். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஓடிக்கொண்டிருந்தது. டெக் டிக்கெட் எடுத்தவர்கள் பாயும் படுக்கையுமாகத் தளத்திலேயே பல நாள் கிடந்து போய்ச் சேர்ந்தார்கள். தஞ்சை, நாகை வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் அந்தப் பெயரைச் சொன்னால் ஒரு பெட்டியோ, ஒரு பீங்கான் ஜாடியோ எடுத்துக் காட்டுவார்கள். இன்று திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நான்கு மணி நேர விமானப் பயணம். அங்கிருந்து பினாங்குக்கு இன்னொரு மணி நேரம். சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானமும் 2024 டிசம்பரில் தொடங்கப்பட்டது.

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில், தமிழர் கடைகள் நிறைந்த லிட்டில் இந்தியா பகுதிக்குள் அல்லது அதை ஒட்டி, லிஃப்ட் உள்ள ஹோட்டலில் ஐந்து இரவு தங்குங்கள். அந்தப் பழைய ஊர் 2008 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. மார்க்கெட் தெருவிலும் பினாங்குத் தெருவிலும் காலையில் இட்லி, தோசை, மதியம் வாழையிலைச் சாப்பாடு, தயிர், மோர் எல்லாம் கிடைக்கும். கடைக்காரரிடம் தமிழிலேயே பேசலாம். உங்கள் கணவர் குக்கரை எதற்காகக் கேட்டார் என்று அவருக்கே மறந்துவிடும். பருப்புப் பொடி ஒரு சின்ன டப்பா எடுத்துக்கொள்ளுங்கள், அது போதும். ஊறுகாய் கொண்டுபோனால் பெரிய பெட்டியில் வையுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள். கொப்பரைத் தேங்காயை எந்தப் பெட்டியிலும் வைக்க வேண்டாம், அது தீப்பிடிக்கும் பொருள் என்று விமானத்தில் அனுமதிப்பதில்லை.

மாமியார் சைவம் என்றால் ஒரு எச்சரிக்கை. மலாய், சீனக் கடைகளில் வெறும் கீரைப் பொரியல் போலத் தெரிவதில்கூட பெலாச்சான் என்னும் இறால் விழுது சேர்ந்திருக்கும். லிட்டில் இந்தியாவைத் தாண்டிச் சாப்பிடும்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் எதை வேண்டுமானாலும் ருசிக்கட்டும். நம் பரோட்டா போன்ற ரொட்டி சானாயும், தேங்காய்ப்பாலில் ஐஸ் போட்ட செண்டோல் என்ற இனிப்பும் அவர்கள் ஊருக்கு வந்து பல மாதம் பேசும் விஷயமாக இருக்கும்.

ஒரு நாளை முழுவதுமாக மாமியாருக்கென்று விட்டுவிடுங்கள். குயின் தெருவில் மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. 1833-இல் கட்டியது. பினாங்கில் கடைக்கணக்கு எழுதிய தஞ்சாவூர்க்காரர் ஒருவர் அந்த வாசலை மிதிக்காமல் இருந்திருக்க மாட்டார் என்று தாராளமாக நம்பலாம். காலை வெயில் ஏறுவதற்கு முன் அழைத்துப் போய், எவ்வளவு நேரம் உட்கார வேண்டுமோ உட்காரட்டும். "போகலாமா" என்று யாரும் கேட்கக் கூடாது. அங்கிருந்து சற்றுத் தொலைவில், சூலியா தெருவில், நாகூர் தர்கா என்ற பெயரிலேயே ஒரு சிறு தர்கா இருக்கிறது. நம் நாகூர் ஆண்டவர் நினைவாக இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுப்பியது. திருவாரூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா வேலை பார்த்த கடையைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று மட்டும் இறங்கிவிடாதீர்கள். கடைகள் கை மாறியிருக்கும், பெயர்ப் பலகை போயிருக்கும். கிடைக்கவில்லை என்ற ஏமாற்றத்தோடு அந்த நாள் முடியக் கூடாது. பழைய கடிதம், உறை, முகவரி எதாவது வீட்டில் இருந்தால் கொண்டுபோங்கள். தெருப் பெயர் தெரிந்தால் அந்தத் தெருவில் ஒரு நடை நடந்தாலே அவர்களுக்குப் போதுமானதாக இருக்கும்.

அந்த நேரத்தில் பிள்ளைகளைக் கணவர் அழைத்துக்கொண்டு ஆர்மீனியன் தெருப் பக்கம் சுவரோவியங்களைப் பார்க்கப் போகலாம். இரண்டு குழந்தைகள் சைக்கிள் ஓட்டும் ஓவியம், சுவரில் நிஜ சைக்கிளையே பதித்து 2012-இல் வரைந்தது, அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு நாள் பினாங்கு மலை. 1923 முதல் கயிற்றில் இழுக்கும் ரயில் மேலே போகிறது. சனி, ஞாயிறு வேண்டாம். வார நாளில் காலை முதல் வண்டிகளில் ஏறிவிட்டால் வரிசை குறைவு. மேலே முருகன் கோயில் இருக்கிறது, காற்றும் குளிர்ச்சி. மகனுக்குத் தீம் பார்க் வேண்டும் என்றால் தெலுக் பாஹாங்கில் எஸ்கேப் என்ற இடம் உண்டு. அங்கே உள்ள குழாய் நீர்ச்சறுக்கு 1,111 மீட்டர் நீளம். அதே பகுதியில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் இருக்கிறது. உங்கள் மகளும் மாமியாரும் அங்கே இருக்கலாம், நீங்கள் எந்தப் பக்கம் போவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். சறுக்கில் ஏற ஆசையாக இருந்தால் ஏறுங்கள்.

பினாங்கிலிருந்து கோலாலம்பூர் திரும்பும்போது விமானம் வேண்டாம். ஜார்ஜ் டவுனிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ஃபெர்ரி, அங்கிருந்து கோலாலம்பூருக்கு ரயில், நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும். அத்தையின் அப்பா பார்த்த துறைமுகத்தைத் தண்ணீரிலிருந்து அவர்கள் பார்க்க இதைவிட்டால் வேறு வழியில்லை. கோலாலம்பூரில் இரண்டு இரவு. பத்துமலையில் 272 படி. முழங்கால் வலிக்காரர் ஏற வேண்டாம், 42.7 மீட்டர் முருகன் சிலையைக் கீழே நின்றுதான் முழுதாகப் பார்க்க முடியும், கீழேயே கோயில்களும் இருக்கின்றன. இரட்டைக் கோபுரத்தை இரவில் பார்த்துவிட்டால் உங்கள் கணவருக்கும் மனக்குறை இருக்காது.

மகனிடம் போனைப் பிடுங்கிச் சண்டை போடாதீர்கள், அந்தப் போனுக்கே வேலை கொடுங்கள். மலேசியாவுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும், அங்கே போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள், இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். கட்டணம் இல்லை, காசு கேட்கும் தளம் போலி. ஐந்து பேருக்கும் அவனே நிரப்பட்டும். வாடகைக் கார் அழைப்பது, ரிங்கிட் கணக்கு எழுதுவது இரண்டும் அவன் பொறுப்பு. ஹோட்டலில் வெளிநாட்டவரிடம் அறைக்கு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வாங்குவார்கள், அதையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

மாமியாரின் மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல், கைப்பையிலேயே வையுங்கள். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று பதிவு செய்துவிடுங்கள். விமான நிலையத்தில் நடக்கும் தூரம் மிக அதிகம். அவர்கள் "நடந்துவிடுவேன்" என்பார்கள், கேட்காதீர்கள். பயணக் காப்பீட்டில் சர்க்கரையை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் ஆபத்து நேரத்தில் பணம் வராது.

இந்தியர்களுக்கு மலேசியாவில் 30 நாள் வரை விசா வேண்டாம் என்ற சலுகை 2023 டிசம்பரில் வந்தது, 2026 முடிய நீட்டித்திருக்கிறார்கள். அது நடப்பில் இருக்கிறதா என்பதை டிக்கெட் எடுக்கும் அன்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பெரிய சிக்கல் பாஸ்போர்ட்டில்தான் வருகிறது. மாமியாரின் ஆதாரில் ஒரு பிறந்த தேதி, வாக்காளர் அட்டையில் வேறு தேதி, பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியலா கணவரின் இனிஷியலா என்ற குழப்பம் எல்லாம் இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து முழுப் பெயராக எழுத வேண்டும், டிக்கெட்டிலும் அதே எழுத்துகள் அப்படியே வர வேண்டும். ஆகையால் இந்த வாரமே அவர்களுடைய சான்றுகளை எல்லாம் எடுத்து ஒன்றாக வைத்துப் பாருங்கள். திருத்தம் இருந்தால் மாதக்கணக்கில் இழுக்கும். ஐந்து பாஸ்போர்ட்டும், பயண நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாகும்படி கைக்கு வந்த பிறகே யாருக்கும் முன்பணம் கட்டுங்கள்.