7 அடித் தண்ணீரில் எதற்கு இத்தனை சத்தம்?

குளிர்காலத் தூண்டில்: வாசகர் கேள்விகள்

உறைந்த ஏரியில் பனிக்கட்டியைத் துளைத்துத் தூண்டில் போடுவோரிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே முறைப்பாடுதான்: ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு மீன் காட்டும் கருவி பழுது. இவற்றில் உண்மையாகவே பழுதான கருவி ஒன்றுகூட இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

*பாவித்த ஃபிளாஷர் (வட்டத் திரையுள்ள மீன் காட்டும் கருவி) ஒன்று வாங்கினேன். ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியில் குக்ஸ் பே பக்கம், 7 அடித் தண்ணீர். வட்டத் திரையில் மேலிருந்து 3 அடி வரை ஒரே சிவப்பு. தரையை 7 இலும் காட்டுகிறது, 14 இலும் காட்டுகிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?*
– ஸ்காபரோ வாசகர்

விற்றவரைத் திட்டுவதைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள். 14 இல் தெரிவது இரண்டாவது எதிரொலி. ஒலி தரையில் பட்டு மேலே வந்து, பனிக்கட்டியின் அடிப்பக்கத்தில் மோதி, மறுபடி தரைக்குப் போய்த் திரும்புகிறது. அதனால்தான் சொல்லிவைத்தாற்போல் சரியாக இரண்டு மடங்கு. குளிர்ந்த நன்னீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,400 மீற்றர் ஓடும். 7 அடி இறங்கி ஏறுவதற்கு ஒரு விநாடியின் ஆயிரத்தில் மூன்று பங்கு போதும். ஆழத்தில் கிடக்கும் லேக் ட்ரவுட் மீனையும் காட்டவென்று செய்த கருவி அது. அதை இந்தச் சிறிய இடத்தில் உரக்கக் கத்தவிட்டால் எதிரொலி அடங்க வழியில்லை.

எதிரொலியை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்பதைக் கூட்டிக் குறைக்கும் கெயின் திருகியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். தூண்டிலைப் பாதி ஆழத்துக்கு இறக்கி மெல்ல ஆட்டுங்கள். இப்போது திருகியை மயிரிழை மயிரிழையாகக் கூட்ட வேண்டும். ஒரு கட்டத்தில் மெல்லிய பச்சைக் கோடு ஒன்று எட்டிப்பார்க்கும். நீங்கள் கையை உயர்த்தினால் அதுவும் உயரும். அதுதான் உங்கள் தூண்டில் முள். அங்கேயே நிறுத்துங்கள். எவ்வளவு ஆசை வந்தாலும் அதற்கு மேல் திருகாதீர்கள். பச்சை என்றால் மெலிந்த எதிரொலி, சிவப்பு என்றால் பலமானது. முள் பச்சையாகவும் வந்த மீன் சிவப்பாகவும் தெரிந்தால் அளவு சரி.

பூச்சியத்திலேயே திரை சிவந்து கிடந்தால், கருவியில் குறைந்த வலு என்றொரு தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஆழமற்ற நீருக்கும் பாசிக்காட்டுக்கும் என்றே வைத்தது. பழைய கருவிகளில் அது இருக்காது; ஒலியைத் தணிக்கும் இணைப்பு வயர் தனியாக விற்கிறார்கள்.

மேலே தெரியும் சிவப்பு முழுதாக மறைய வேண்டும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஒலியை அனுப்புவதும் கேட்பதும் ஒரே உணரிதான். கோயில் மணியை அடித்து நிறுத்திய பிறகும் அதிர்வு தொடர்வதுபோல, அனுப்பிய கணத்தில் அதுவும் அதிர்ந்துகொண்டிருக்கும். அந்த அதிர்வு அடங்கும்வரை அதற்குக் காது கேட்காது.

*பக்கத்துத் துளையில் பேர்ச் மீனாக அள்ளுகிறார்கள். என் திரையில் முள்ளும் இல்லை, மீனும் இல்லை. 9 பாகை உணரி.*
– பிரம்ப்டன் வாசகர்

உணரியின் ஒலி கூம்புபோல விரிந்து இறங்கும். 9 பாகைக் கூம்பு 7 அடி ஆழத்தில் விரிவது ஓரடிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான். ஒரு சாப்பாட்டுத் தட்டளவு இடத்தைப் பார்த்துவிட்டு ஏரியில் மீனில்லை என்கிறீர்கள். சிறிய முள் நீரோட்டத்தில் சற்று ஒதுங்கினாலே வட்டத்துக்கு வெளியே போய்விடும். 20 பாகை உணரியை மாட்டினால் இரண்டரை அடி அகலம் கிடைக்கும். சரிவான தரையிலும் பாசியிலும் அகலக் கூம்பு குப்பையையும் சேர்த்துக் காட்டும் என்பது உண்மைதான். ஆனாலும் இந்த ஆழத்துக்கு நான் அகலத்தையே எடுப்பேன்.

அதற்கு முன் இன்னொன்றைப் பாருங்கள். உணரி எங்கே தொங்குகிறது? பனிக்கட்டி ஒன்றரை அடித் தடிப்பாக இருக்க, உணரி துளைக்குள் அரையடியில் நின்றால், அது பார்ப்பது துளையின் சுவரைத்தான். பனிக்கட்டியின் அடிவிளிம்பைத் தாண்டி ஒரு விரலளவு கீழே இறக்குங்கள். அதற்கும் கீழே விட வேண்டாம். தூண்டில் நூல் சிக்கும்.

*காலையில் தெளிவாக இருந்த திரை மத்தியானத்தில் மங்கி நடுங்குகிறது. பற்றரிதான் காரணம் என்கிறார் கணவர். புதிது வாங்கவும் சொல்கிறார்.*
– ஏஜாக்ஸ் வாசகி

பணத்தைக் கைப்பைக்குள்ளேயே வைத்திருங்கள், தங்கச்சி. முதலில் உணரியை வெளியே எடுத்து அடிமுகத்தைப் பெருவிரலால் துடைத்துவிடுங்கள். காற்றுக்குமிழோ மெல்லிய பனிப்படலமோ ஒட்டியிருந்தால் ஒலி அதைத் தாண்டாது. துளையில் சேர்ந்த பனிச்சேற்றையும் கரண்டியால் அள்ளி எறியுங்கள். பிறகு உணரி செங்குத்தாகத் தொங்குகிறதா என்று பாருங்கள். குளிரில் விறைத்த வயர் அதைச் சரித்துவிடும். சரிந்தால் தரைக்கோடு அகன்று கலங்கும்.

இத்தனைக்குப் பிறகும் மங்கினால் கணவர் சொல்வதையும் கேட்கலாம். ஈய அமிலப் பற்றரி கடுங்குளிரில் தன் கொள்ளளவில் பெரும் பங்கை இழக்கும். லிதியம் பற்றரி என்றால் வீட்டுக்கு வந்ததும் உடனே சார்ஜ் போட வேண்டாம். பூச்சியத்துக்குக் கீழ் குளிர்ந்திருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் அது நிரந்தரமாகக் கெடும். அறைச் சூட்டுக்கு வரட்டும்.

*பனிக்கட்டிமேல் போட்ட ஒரே கொட்டிலில் நானும் மைத்துனரும். இரண்டு கருவிகளையும் போட்டால் இரண்டிலும் கோடுகள் சுழல்கின்றன.*
– மிசிசாகா வாசகர்

உங்கள் ஒலியை அவர் கருவி கேட்கிறது, அவருடையதை உங்களுடையது. குறுக்கீடு தவிர்க்கும் பொத்தானை ஒருவர் மட்டும் அழுத்தி, கோடுகள் நின்றதும் விட்டுவிடுங்கள். இருவரும் மாறிமாறி அழுத்தினால் பொழுதுதான் போகும்.

*மயிலிட்டியில் கடல்தொழில் செய்தவன் நான். இந்தப் பெட்டி இல்லாமல் மீன் பிடிக்க முடியாதா? துளைபோடும் முன்னரே ஆழம் அறிய வழி உண்டு என்று பேரன் சொல்வது மெய்யா?*
– மார்க்கம் வாசகர்

தாராளமாக முடியும் ஐயா. 7 அடித் தெளிந்த நீரென்றால் கொட்டிலின் கதவைச் சாத்தி இருட்டாக்கிவிட்டு, துளைக்குள் கண்ணாலேயே பார்க்கலாம். பேர்ச் வந்து முள்ளை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போவது தெரியும். பெட்டியில் அது ஒரு சிவப்புக் கோடு மட்டுமே.

பேரன் சொல்வதும் மெய்தான். பனித்தூளை விலக்கி, பனிக்கட்டியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, உணரியின் முகத்தை அந்த ஈரத்தில் அழுத்தி வையுங்கள். குமிழில்லாத கண்ணாடிப் பனியென்றால் ஆழம் காட்டும். வெண்பனியில் காட்டாது, உள்ளே காற்று. ஆனால் பனிக்கட்டியின் தடிப்பு எவ்வளவு என்று அது சொல்லாது. அதற்கு அலவாங்குதான் வேண்டும். பேரனை முன்னே விடாமல் நீங்களே குத்திப் பார்த்துக்கொண்டு நடவுங்கள்.