சைக்கிள் பக்கம்: தென்காசிக் காற்றும் ஒரு காலைச் சுற்றும்

ஜூலையில் குற்றாலம் வருகிறோம். நானும் தங்கையும் கியர் சைக்கிள் கொண்டு வருகிறோம். வாரம் இரண்டு நாள் 20, 25 கி.மீ. ஓட்டும் பழக்கம் உண்டு. மலை ஏறத் தெம்பு இல்லை, மலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் போதும். காலை ஒரு வேளையில் முடிகிற மாதிரி வழி சொல்லுங்கள் அண்ணா.
– வாசகி, விருதுநகர்

இதற்கென்றே அமைந்த மாதிரி எங்கள் ஊரில் ஒரு சுற்று இருக்கிறதம்மா. தென்காசி, குற்றாலம், ஐந்தருவி, வல்லம், பிரானூர், செங்கோட்டை, பண்பொழி, வடகரை, அச்சன்புதூர், இலத்தூர், மறுபடி தென்காசி. எல்லாம் சேர்த்து 40 கி.மீ. பக்கம் வரும். நின்று, டீ குடித்து, படம் எடுத்துக்கொண்டு போனாலும் நான்கு மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

ஆனால் இதே வரிசையில்தான் போக வேண்டும். திருப்பிப் போட்டு இலத்தூர் வழியாகத் தொடங்கினால் வழி உங்களை அழ வைத்துவிடும். காரணம் ஏற்றம் இல்லை, காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை ஆரியங்காவுப் பக்கம் தாழ்ந்து ஒரு கணவாய் விட்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசலில் நெருக்கியடித்து நுழைந்து எங்கள் ஊர்மேல் பாய்கிறது. தென்காசிக்குக் கிழக்கே அத்தனை காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? விடியற்காலையில் இந்தக் காற்று கொஞ்சம் அடங்கிக் கிடக்கும். ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏற ஏற வேகம் பிடிக்கும். அதனால் ஆறு மணிக்கே கிளம்பி, மேற்கு நோக்கிய பகுதியைக் காற்று எழுவதற்குள் ஓட்டிவிடுங்கள். திரும்பும்போது அது முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும்.

சரி, வழிக்கு வருவோம். குற்றாலம் வரை நல்ல சாலைதான், ஆனால் சீசனில் வேன்கள் இரவோடு இரவாக வந்து இறங்கும். சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். மெயின் அருவிப் பக்கம் வாழைப்பழப் பையை ஹேண்டில்பாரில் தொங்கவிடாதீர்கள், குரங்கு உங்களிடம் அனுமதி கேட்காது. அங்கிருந்து ஐந்தருவி வரை லேசான ஏற்றம், மரநிழல், சாரல். கியரைக் குறைத்துப் பேசிக்கொண்டே போகலாம். மூச்சு வாங்கிப் பேச முடியவில்லை என்றால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

ஐந்தருவியிலிருந்து வல்லம் வழியாக இறங்கினால் பிரானூர் பார்டர். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரிலும், பிறகு அது சேர்ந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. எல்லை போய் இத்தனை வருஷம் ஆகியும் ‘பார்டர்’ என்ற பெயர் போகவில்லை. இங்கே மரக்கடைகளும் மர அறுவை மில்களும் வரிசையாக இருக்கும், லாரிகள் திடீரென்று திரும்பும். இந்த இரண்டு மூன்று கி.மீ. மட்டும் ஒருவர் பின் ஒருவராக, ஓரமாகப் போங்கள். செங்கோட்டைக்குள் நுழையும்போது திருவிதாங்கூர் முத்திரை தாங்கிய பழைய வளைவு ஒன்று வரும், நின்று பாருங்கள்.

செங்கோட்டை தாண்டியதும்தான் நான் உங்களை இங்கே அழைத்ததற்கான காரணம் தொடங்குகிறது. பண்பொழி வரை இடது பக்கம் முழுக்க மலை. வலது பக்கம் வயல், தென்னை, குளம். ஜூலையில் கார் பருவ நெல் நட்டுப் பச்சை பிடித்திருக்கும். மலை உச்சியில் மேகம் இறங்கி ஏறிக்கொண்டே இருப்பதால் ஒரே இடத்தில் எடுத்த இரண்டு படங்கள் ஒன்றுபோல் இருக்காது. தனிக் குன்றின்மேல் தெரிவது திருமலைக் குமாரசுவாமி கோயில். மேலே வண்டிப்பாதை உண்டு, ஆனால் செங்குத்து. உங்கள் கணக்குப்படி சைக்கிளை அடிவாரத்தில் பூட்டிவிட்டுப் படியேறுங்கள், அல்லது கும்பிட்டுவிட்டு நகருங்கள். பண்பொழியில் இட்லி சாப்பிட்டுவிடுங்கள். அதற்கப்புறம் காற்று பார்த்துக்கொள்ளும்.

என்னிடம் இருப்பது கியர் இல்லாத, அப்பா காலத்துச் சைக்கிள். ஜூன் இதழில் நீங்கள் சொன்ன சாம்பவர்வடகரை வழி போய்விட்டு வந்தேன், எதிர்க்காற்றில் முழங்கால் வலிக்கிறது. புது சைக்கிள்தான் வாங்க வேண்டுமா?
– வாசகர், கடையநல்லூர்

வேண்டாம். பின்சக்கரத்தில் செயின் மாட்டியிருக்கும் பல்சக்கரமான ஃப்ரீவீலில் எத்தனை பல் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் 18 இருக்கும். சைக்கிள் கடையில் 20 அல்லது 22 பல் ஃப்ரீவீல் கேட்டு மாற்றுங்கள். சமதளத்தில் வேகம் கொஞ்சம் குறையும், எதிர்க்காற்றிலும் ஏற்றத்திலும் கால் லேசாகும். செயினில் ஒன்றிரண்டு கண்ணி சேர்க்க வேண்டி வரலாம், அதைக் கடைக்காரரே சொல்வார். அப்புறம் சீட்டைப் பாருங்கள். அப்பா காலத்து வண்டி என்றால் சீட்டும் அப்பா காலத்து உயரத்தில்தான் இருக்கும். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருந்தால் சரியான உயரம். நன்றாக மடங்கியே இருந்தால் வலிக்கத்தான் செய்யும்.

செங்கோட்டையிலிருந்து அப்படியே புளியரை எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு போய் வரலாமா?
– கல்லூரி மாணவர், ராஜபாளையம்

காலில் தெம்பு இருக்கும், ஏறிவிடுவீர்கள் தம்பி. நான் போகச் சொல்ல மாட்டேன். அது கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை, சரக்கு லாரிகள் ஓயாது. வளைவில் லாரி திரும்பும்போது சைக்கிளுக்கு மிஞ்சும் இடம் மிகக் குறைவு. ஆரியங்காவைப் பார்க்க வேண்டுமென்றால் செங்கோட்டையில் ரயில் ஏறுங்கள். குகையும் பாலமும் பார்த்துக்கொண்டே போகலாம்.

சாரலில் பிரேக் பிடிக்க மாட்டேன் என்கிறதே?
– வாசகி, பாவூர்சத்திரம்

உங்களுடையது ரிம்மைக் கவ்வும் ரப்பர் பிரேக் என்று நினைக்கிறேன். ஈரத்தில் முதல் ஒன்றிரண்டு சுற்று ரிம்மிலுள்ள தண்ணீரைத் துடைப்பதிலேயே போய்விடும், அப்புறம்தான் பிடிக்கும். எனவே இறக்கத்தில் முன்கூட்டியே லேசாகத் தொட்டுத் தொட்டு விடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ரிம்மையும் ரப்பரையும் துணியால் துடையுங்கள், மணல் ஒட்டியிருந்தால் ரிம்மை அரித்துவிடும். செயினுக்கு எண்ணெய் விடும்போது ஒரு சொட்டுகூட ரிம்மில் படக் கூடாது.

சைக்கிள் ஓட்டும்போது பிரானூர் பார்டர் பரோட்டா சாப்பிடலாமா?
– பெயர் வேண்டாம், சுரண்டை

ஓட்டி முடித்துவிட்டு, குளித்துவிட்டு, மதியம் பஸ்ஸில் போய்ச் சாப்பிடுங்கள்.