பழைய முதுகுவலியும் ட்ரக் விபத்து இழப்பீடும்

தம்பி, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நெடுஞ்சாலை 401இல் பின்னால் வந்த ட்ரக் உங்கள் காரை இடித்ததையும், யாழ்ப்பாணத்தில் இருந்தபோதே உங்களுக்கு முதுகெலும்புத் தட்டு விலகியிருந்ததையும் எழுதி, முன்பு வருத்தம் ஏதும் இருந்ததா என்று காப்புறுதி நிறுவனம் கேட்டால் இல்லை என்று சொல்லும்படி கூட இருப்பவர்கள் வற்புறுத்துகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். இருந்தது என்றே சொல்லுங்கள். மறைத்தது ஒருநாள் வைத்தியரின் குறிப்பில் அகப்பட்டால், அதன்பின் நீங்கள் சொல்லும் உண்மையான வலியையும் யாரும் நம்பமாட்டார்கள்.

சட்டம் உங்களுக்கு எதிராக இல்லை. கனடாவின் இன்னொரு மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஏற்கெனவே முதுகுக் கோளாறு இருந்த ஒருவர் 1991இல் இரண்டு வாகன விபத்துகளில் அடிபட்டு, அதே ஆண்டில் உடற்பயிற்சிக்காக உடலை நீட்டி வளைத்தபோது தட்டுப் பிதுங்கி அவதிப்பட்டார். விபத்துகளின் பங்கு 25 வீதம்தான் என்று கணித்த விசாரணை நீதிபதி அந்தளவுக்கே இழப்பீடு கொடுத்தார். ஆத்தி எதிர் லியொனாட்டி எனப்படும் அந்த வழக்கில் 1996இல் கனடாவின் உச்ச நீதிமன்றம், காயத்துக்கு விபத்து கணிசமான காரணமாக இருந்தால், வேறு காரணங்களும் சேர்ந்திருந்தன என்று சொல்லித் தொகையைக் குறைக்க முடியாது என்று தீர்த்து முழு இழப்பீட்டையும் வழங்கியது. இதற்கு ஓர் எல்லை உண்டு: விபத்து நடக்காவிட்டாலும் உங்கள் முதுகு எந்த நிலைக்கு வந்திருக்குமோ, அதற்கு எதிர்த்தரப்பு பொறுப்பல்ல, அதற்கு மேல் கூடிய சேதத்துக்கே பொறுப்பு.

ஆகவே முன்பு எப்படி இருந்தீர்கள், இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்பதே முழு வழக்கும். ஒன்ராறியோவில் உங்கள் காயத்தைச் சுளுக்கு போன்ற சிறு காயம் என்று உங்கள் காப்புறுதி நிறுவனம் வகுத்துவிட்டால், அது சிகிச்சைக்குத் தரும் தொகைக்கு 3,500 டொலர்தான் உச்சம். விபத்துக்கு முன்னரே மருத்துவரால் பதிவுசெய்யப்பட்ட வருத்தம் இருந்து, அந்தத் தொகைக்குள் நீங்கள் முழுமையாகத் தேற முடியாது என்று உங்கள் வைத்தியர் வலுவான சான்றுடன் எழுதினால் அந்த வரம்பிலிருந்து வெளியே வரலாம். மறைக்கச் சொல்கிறார்களே, அதே வருத்தம்தான் இங்கே கைகொடுக்கிறது. ஊரில் அம்மாவிடம் சொல்லிக் கிளினிக் கொப்பி, ஸ்கான் அறிக்கை எல்லாவற்றையும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அவை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கும் என்பதால் மொழிபெயர்ப்புச் செலவும் மிச்சம்.

குடும்ப வைத்தியரிடம் "நாரி நோகுது" என்று மட்டும் சொன்னால் அவரும் அதை ஒரு வரியில் எழுதி முடித்துவிடுவார். அதைப் படிப்பவருக்கு அது பழைய நோவாகவே தெரியும். முன்பு எத்தனை மணிநேரம் நின்று வேலை செய்தீர்கள், எவ்வளவு பாரம் தூக்கினீர்கள், எப்போதாவதுதான் மாத்திரை போட்டீர்களா, இப்போது நித்திரை எப்படி, கால் எதுவரை விறைக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். டொக்டரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று "பரவாயில்லை" சொல்லும் நம்மவர் வழக்கத்தை இந்த விடயத்தில் விட்டுவிடுங்கள். காப்புறுதி நிறுவனம் அனுப்பும் வைத்தியரிடமும் இதையே, கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.

யாருடைய பிழையாக இருந்தாலும் சிகிச்சைக்கான கொடுப்பனவை முதலில் உங்கள் சொந்தக் காப்புறுதியிடமே கோர வேண்டும். 7 நாட்களுக்குள் அறிவித்து, படிவங்கள் கிடைத்த 30 நாட்களுக்குள் நிரப்பிக் கொடுக்க வேண்டும். பிந்தியிருந்தால் நியாயமான காரணத்தை எழுதிக் கொடுங்கள். ட்ரக் சாரதி மீதும் அவரது ட்ரக் நிறுவனம் மீதும் வழக்குத் தொடர்வதற்கு 120 நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்தல் கொடுத்து, பொதுவாக 2 ஆண்டுகளுக்குள் வழக்கைப் பதிய வேண்டும். வலிக்கும் வேதனைக்கும் இழப்பீடு பெற, முக்கியமான ஒரு செயற்பாடு நிரந்தரமாகவும் கடுமையாகவும் பாதிக்கப்பட்டதைக் காட்ட வேண்டும். மிகப் பெரிய தொகையாக இல்லாவிட்டால் அதிலும் 40,000 டொலருக்கு மேல் சட்டப்படி கழித்துவிடுவார்கள். இது எனக்கு அநியாயமாகவே படுகிறது, ஆனால் சட்டம் அப்படித்தான்.

இவற்றை ஒரு சட்டத்தரணியே கையாள வேண்டும், ஆனால் ட்ரக் வழக்குகளில் பழக்கமுள்ளவராகப் பாருங்கள். காரை இழுக்க வந்தவர் நீட்டிய அட்டையை நம்பிப் போகாதீர்கள். சாரதி எத்தனை மணிநேரம் ஓட்டினார் என்ற பதிவை ட்ரக் நிறுவனம் 6 மாதங்கள்தான் வைத்திருக்கக் கடமைப்பட்டது. அதை அழிக்காமல் காக்கும்படி கடிதம் எப்போது போகும் என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். "பிறகு பார்க்கலாம்" என்பவரிடம் கையொப்பமிட வேண்டாம்.