பழைய அமெரிக்க லேட் நைட் டாக் ஷோக்களை டிவிடியில் முழுதாகப் பார்ப்பதில் அப்படி என்ன இருக்கிறது?

நல்ல பகுதிகளெல்லாம் யூடியூபில் ஐந்து ஐந்து நிமிடமாகக் கிடைக்கும்போது 90 நிமிடத்தை ஏன் முழுதாகப் பார்க்க வேண்டும், பார்ப்பதென்றால் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதற்கு உடனே பதில் சொல்லிவிடலாம்: டிக் கேவட் என்ற தொகுப்பாளரின் நிகழ்ச்சி. முதலாவதற்குக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

நியூ ஜெர்சியில் எங்கள் மகள் பிறந்த குளிர்காலம் அது. இரவு ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை அவளைப் பார்த்துக்கொள்வது என் முறை. தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே இருந்தால்தான் தூங்குவாள். ஊர் நூலகத்திலிருந்து 'ராக் ஐகான்ஸ்' என்ற மூன்று வட்டுகள் கொண்ட கேவட் டிவிடிப் பெட்டியை எடுத்து வந்திருந்தேன். அட்டையில் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் பெயர் இருந்தது, அவ்வளவுதான் காரணம். அவர் வரும் பகுதியை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதாகத் திட்டம். ஆனால் இரண்டு கையும் குழந்தையிடம் இருந்தன. ரிமோட்டை எடுக்கக் குனிந்தால் விழித்துக்கொள்வாள். அதனால் எதையும் தாண்டிப் போக முடியவில்லை. ஆரம்பத்தில் தொகுப்பாளர் தனியாக நின்று சொல்லும் பாதி புரியாத அரசியல் நகைச்சுவை, நான் கேள்விப்பட்டே இராத விருந்தினர்கள், இடைவேளைக்குப் போகும்முன் பேச்சு அறுந்து தொங்கும் அந்தச் சில நொடிகள், எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தேன். நான் தேடிப் போனதைவிட அவைதான் என்னைப் பிடித்துக்கொண்டன.

ஒரு உதாரணம். 1970 ஆகஸ்ட் 3 நிகழ்ச்சி. ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளின் பாடுகிறார், பிறகு வந்து உட்கார்ந்து பேசுகிறார். இணையத்தில் கிடைக்கும் துண்டுகளில் பெரும்பாலும் அவர் மட்டும்தான் இருப்பார். முழு நிகழ்ச்சியில் அவரோடு உட்கார்ந்திருப்பவர் குளோரியா ஸ்வான்சன், பேசாப்பட காலத்தின் மிகப் பெரிய நட்சத்திரம். அப்போது அவருக்கு 71 வயது, ஜாப்ளினுக்கு 27. ஊமைப்படத்தில் புகழின் உச்சிக்குப் போனவரும் தொண்டை கிழியப் பாடுகிறவரும் ஒரே வரிசையில் இருக்கிறார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் கவனிக்கிற முகத்தைப் பாருங்கள். எந்தத் துண்டிலும் அது வராது, ஏனென்றால் அந்த நேரத்தில் 'எதுவும் நடக்கவில்லை'.

அதே வட்டில் ஜூன் மாத நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது. பள்ளியை விட்டுப் பத்து வருடம் ஆனதற்கான ஒன்றுகூடலுக்கு டெக்சஸில் உள்ள சொந்த ஊருக்குப் போகப் போவதாக ஜாப்ளின் சொல்கிறார். படிக்கும்போது தன்னைக் கேலி செய்தே ஊரைவிட்டு விரட்டினார்கள், அதனால்தான் போகிறேன் என்கிறார். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார். பார்ப்பவருக்குத்தான் நெஞ்சு அடைக்கும். அந்த வருடம் அக்டோபர் 4 அன்று அவர் இறந்துபோனார். எனக்கு அது தெரியும், திரையில் இருக்கும் யாருக்கும் தெரியாது. மூன்று வட்டிலும் இந்த உணர்வு கூடவே வந்தது.

கேவட் யார் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். நெப்ராஸ்காவில் பிறந்தவர். இதே மாதிரி இரவு நிகழ்ச்சி நடத்திய ஜாக் பாருக்கும் ஜானி கார்சனுக்கும் நகைச்சுவை எழுதிக் கொடுத்தவர், பிறகு 1969 டிசம்பரில் ஏபிசி அலைவரிசையில் இரவு 11.30க்கு அதே கார்சனுக்கு எதிராகத் தன் நிகழ்ச்சியோடு உட்கார்ந்தார். பார்வையாளர் எண்ணிக்கையில் கார்சனைத் தாண்டவே முடியவில்லை. ஆனால் கார்சனிடம் ஏழு நிமிடம் பேசிவிட்டு எழுந்து போகும் ஆட்கள் கேவட்டிடம் சில இரவுகளில் முழு 90 நிமிடமும் பேசினார்கள். வெள்ளை மாளிகை ஒலிநாடாக்களில் இவரை எப்படி மடக்கலாம் என்று ஜனாதிபதி நிக்சனே கேட்பது பதிவாகியிருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த ஆரம்ப நகைச்சுவைகள் வேறு மாதிரி கேட்கும்.

சரி, நான் தேடிப் போன ஹாரிசனுக்கு வருகிறேன். 1971 நவம்பர் 23. ஹாரிசன் கூச்சத்தோடு வந்து உட்காருகிறார். பீட்டில்ஸில் அவரோடு இருந்த ஜான் லெனனின் மனைவி யோகோ ஓனோ அதே நாற்காலியில் உட்கார்ந்தவர் என்று கேவட் சொன்னதும் துள்ளி எழுகிறார். அதற்குப் பிறகும் பேச்சு சுலபமாக ஓடுவதில்லை. கேவட் ஒன்று கேட்பார், ஹாரிசன் ஒரு வரியில் முடிப்பார், அமைதி. முதல் தடவை எனக்கே தர்மசங்கடமாக இருந்தது. தாண்ட முடிந்திருந்தால் தாண்டியிருப்பேன். பிறகு மெல்ல மெல்லப் பேச்சு இசைத்தட்டு நிறுவனங்கள் பக்கம் திரும்புகிறது, மனிதர் விழித்துக்கொள்கிறார். அந்த ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் பங்களாதேஷ் அகதிகளுக்காக நடத்திய கச்சேரியின் இசைத்தட்டு இன்னும் கடைக்கு வரவில்லை என்று கோபம். தாமதத்துக்கு அவர் பெயர் சொல்லிக் குறை சொல்வது கேபிடல் நிறுவனத் தலைவர் பாஸ்கர் மேனனை. திருவனந்தபுரத்தில் பிறந்தவர், அமெரிக்காவின் மிகப் பெரிய இசை நிறுவனங்களில் ஒன்றை அப்போது நடத்திக்கொண்டிருந்தார். தேவைப்பட்டால் வேறு நிறுவனம் மூலம் வெளியிடுவேன், மேனன் என்மேல் வழக்குப் போடட்டும் என்கிறார் ஹாரிசன். நேரடியாகப் பெயர் சொல்லித் திட்டும் அந்த வேகம், அதற்கு முன்னால் இருந்த அத்தனை மௌனத்தையும் பார்த்தவருக்குத்தான் முழுதாகப் போய்ச் சேரும். (இசைத்தட்டு அடுத்த மாதமே அமெரிக்காவில் வெளிவந்துவிட்டது.)

பிறகு சிதார் கலைஞர் ரவிசங்கர் வந்து அமர்கிறார். அந்தக் கச்சேரிக்கு ஹாரிசனைக் கேட்டுக்கொண்டவரே அவர்தான். அவருடைய குடும்பத்தின் பூர்வீகம் ஜெசூர் பக்கம், இன்றைய பங்களாதேஷில். இரவு இரண்டரை மணிக்கு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தேதி உறைத்தது. நவம்பர் 23. இன்னும் பத்தே நாளில், டிசம்பர் 3 அன்று, இந்தியா-பாகிஸ்தான் போர் தொடங்கப் போகிறது. கிட்டத்தட்ட ஒரு கோடி அகதிகள் எல்லை தாண்டி வந்துகொண்டிருந்த நேரம். என் அப்பா போர்க்காலத்தில் ஜன்னல் கண்ணாடிகளுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியதைச் சொல்லியிருக்கிறார். அந்தக் கதையும் நியூயார்க் ஸ்டுடியோவின் இந்த நாற்காலியும் ஒரே காலத்தைச் சேர்ந்தவை என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. மறுநாள் காலை அப்பாவுக்கு போன் செய்து அரை மணி நேரம் பேசினேன்.

லெனன்-யோகோ வந்த நிகழ்ச்சிகள் தனி டிவிடியாக இருக்கின்றன. 1972 மே மாத நிகழ்ச்சியைத் தவறவிடாதீர்கள். அமெரிக்காவிலிருந்து தன்னை வெளியேற்றப் பார்க்கிறார்கள், பின்தொடர்கிறார்கள், தொலைபேசியை ஒட்டுக்கேட்கிறார்கள் என்று லெனன் சொல்கிறார். அப்போது கேட்ட பலருக்கு அது மிகையாகப் பட்டிருக்கும். எஃப்பிஐ அவரைக் கண்காணித்தது பின்னாளில் ஆவணங்களோடு வெளிவந்தது. அன்று அவர்கள் பாடிய பாட்டின் தலைப்பில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல் இருந்ததால், முன்னெச்சரிக்கை வாசகம் ஒன்றைக் கேவட் தனியாகப் பதிவு செய்து சேர்த்தாக வேண்டும் என்று அலைவரிசை வற்புறுத்தியது. வட்டில் அதுவும் அப்படியே இருக்கிறது. பாட்டைவிட அந்த வாசகத்தைப் பற்றித்தான் புகார் வந்தது என்று கேவட் பிறகு சொல்லியிருக்கிறார்.

ராக் இசையில் ஆர்வமில்லை என்றால் கேவட்டின் 'ஹாலிவுட் கிரேட்ஸ்' டிவிடிப் பெட்டியை எடுங்கள். ஹிட்ச்காக், ஆர்சன் வெல்ஸ், பெட்டி டேவிஸ், மார்லன் பிராண்டோ எல்லோரும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உயிர் நடிகை கேத்தரின் ஹெப்பர்ன்தான். தொலைக்காட்சிப் பேட்டி என்றாலே ஒதுங்கிப்போனவர், 1973இல் ஸ்டுடியோ எப்படி இருக்கிறது என்று சும்மா பார்த்துவிட்டுப் போக வருகிறார். தரைவிரிப்பு பிடிக்கவில்லை, மேசை பிடிக்கவில்லை, ஆட்களை விட்டு நகர்த்தச் சொல்கிறார். கேமராக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. திடீரென்று, இப்போதே எடுத்துவிடலாமே என்கிறார். பார்வையாளர்கள் யாரும் இல்லாத காலி அரங்கில் அப்படியே பேட்டி தொடங்குகிறது. அது இரண்டு இரவுகளாக ஒளிபரப்பானது. கைத்தட்டலும் சிரிப்பும் இல்லாததால் அறையில் இரண்டு பேர் மட்டும் பேசுவதை நாம் ஓரமாக நின்று கேட்பது போலவே இருக்கும்.

கார்சனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லேட் நைட் என்றாலே அமெரிக்கர்களுக்கு அவர்தான். 1962 அக்டோபர் 1 முதல் 1992 மே 22 வரை, முப்பது வருடம். ஆனால் அவருடைய முதல் பத்து வருட நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. அக்காலத்து வீடியோ நாடா இரண்டு அங்குல அகலம், விலை அதிகம். ஒளிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு அதன்மேலேயே வேறொன்றைப் பதிவு செய்தார்கள். முதல் நாள் நகைச்சுவை நடிகர் குரூச்சோ மார்க்ஸ் வந்து கார்சனை அறிமுகப்படுத்தினார். அதற்கு இன்று ஒலி மட்டும்தான் மிச்சம். நிகழ்ச்சி 1972இல் கலிபோர்னியாவுக்குப் போன பிறகு எடுத்தவை பிழைத்தன. அந்த நாடாக்களைக் கான்சாஸில் 650 அடி ஆழத்தில் உள்ள ஒரு பழைய உப்புச் சுரங்கத்தில் வைத்துக் காப்பாற்றினார்கள். அங்கே ஈரம் கிடையாது, வெப்பநிலையும் மாறாது. இதைப் படித்த பிறகு, கையில் ஒரு முழு நிகழ்ச்சி கிடைத்தால் அதில் எதையும் ஓட்டிவிட எனக்கு மனம் வருவதில்லை. கார்சனின் டிவிடிகளில் நிறைய 'சிறந்த தருணங்கள்' தொகுப்புகள்தான். அவற்றை விட்டுவிட்டு முழு நிகழ்ச்சிகள் உள்ள வட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

டாம் ஸ்னைடர் என்பவர் நடத்திய 'டுமாரோ', மற்ற நிகழ்ச்சிகளெல்லாம் முடிந்த பிறகு, இரவு ஒரு மணிக்கு வந்தது. 1975இல் அவர் லெனனோடு பேசியதும் டிவிடியில் கிடைக்கிறது. ஸ்னைடர் சிகரெட் பிடித்தபடி தன் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே போவார். சிலருக்கு அலுக்கும், எனக்குப் பிடிக்கும்.

வட்டுகளில் எல்லாமே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பாடிய ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாக உரிமை வாங்க வேண்டும் என்பதால் பல இரவுகள் வெளிவராமலே இருக்கின்றன. ஒன்று மட்டும் ஒருநாளும் வரப்போவதில்லை, வரவும் கூடாது. 1971 ஜூனில் ஜே. ஐ. ரோடேல் என்ற இயற்கை விவசாய ஆதரவாளர், நூறு வயது வரை வாழ முடிவு செய்திருப்பதாகக் கேவட்டிடம் பேசிவிட்டு, அடுத்த விருந்தினர் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த மேடையில் இறந்துபோனார். அதை ஒளிபரப்பவே இல்லை. ஆனாலும், நான் அன்று டிவியில் பார்த்தேன் என்று ஆட்கள் வந்து தன்னிடம் சொல்வதாகக் கேவட் எழுதியிருக்கிறார். அவர்கள் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் கேவட் அதை விவரித்ததைக் கேட்டவர்கள் மனதில் அது படமாகவே பதிந்திருக்கும்.

அப்புறம், இந்தியாவில் இருந்து கேட்கிறீர்கள் என்றால் ஒரு விஷயம். எந்த நாட்டுப் பிளேயரில் ஓட வேண்டும் என்று டிவிடிகளில் ஒரு மண்டல எண் வைத்துப் பூட்டியிருப்பார்கள்: அமெரிக்க டிவிடிகள் பெரும்பாலும் மண்டலம் 1, நம் ஊர் பிளேயர்கள் மண்டலம் 5. நேராகப் போட்டால் ஓடாது. எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் ஒன்று வேண்டும், அல்லது கணினியில் விஎல்சி என்ற மென்பொருளைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஓடிவிடும். பழைய நாடாவிலிருந்து எடுத்தது என்பதால் படம் மங்கலாகத்தான் இருக்கும். பெரிய டிவியைவிடச் சின்னத் திரையில் நன்றாகத் தெரிகிறது. முதலில் ஜாப்ளின்-ஸ்வான்சன் இரவைப் போடுங்கள், ரிமோட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு.