கண்ணாடி முன் நிற்கும் எட்டு வயது

அன்புள்ள மேடம்,

என் மகளுக்கு எட்டு வயது. பாட்டுச் சத்தம் கேட்டால் போதும், சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஆடுவாள். போன வருடம் பள்ளி ஆண்டு விழாவில் அவள் வகுப்புக்கு ஒரு சினிமா குத்துப்பாட்டு கொடுத்தார்கள். இடுப்பு தெரியும் பாவாடை, உதட்டில் அடர் சிவப்புச் சாயம். கண்ணடிக்கவும் உதட்டைக் கடிக்கவும் டான்ஸ் மாஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். ஒரே விசில். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆனாலும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினேன். வீடியோவை இன்ஸ்டாகிராமில் போட்டதும் நான்தான். மூன்றாம் நாள் முகம் தெரியாத ஒரு ஆள் அதன் கீழே எழுதியிருந்ததைப் பார்த்து, கை நடுங்க அழித்தேன்.

இப்போது அவள் கண்ணாடி முன் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிறாள். "நான் குண்டா இருக்கேனாம்மா?" என்கிறாள். ஒரு தோசையோடு எழுந்துவிடுகிறாள். ஆடும்போதுகூட பாதியில் நிறுத்தி, செல்போனில் தான் எப்படித் தெரிகிறோம் என்று பார்த்துக்கொள்கிறாள். "சின்னப் புள்ள, அதுக்கென்ன தெரியும்" என்கிறார் கணவர். மாமியார், "உன் பார்வையிலதான் கோளாறு" என்கிறார். இந்த வருடமும் அதே மாதிரி ஒரு பாட்டுதான். போன வாரம் பொறுக்கமுடியாமல், "இப்படி ஆடுறது அசிங்கம்டி" என்று கத்திவிட்டேன். அன்றிலிருந்து என் எதிரில் அவள் ஆடுவதே இல்லை. நான் என்ன செய்யட்டும்?

— ஒரு தாய், மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த 'அசிங்கம்' என்ற சொல்லை இன்று இரவே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். "அன்னிக்கு அம்மா கத்துனது தப்பு. உன் ஆட்டத்துல ஒரு குறையும் இல்ல. பெரியவங்களுக்குப் போட்ட ஆட்டத்த உனக்குச் சொல்லிக்கொடுத்தது பெரியவங்க தப்பு" என்று அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். உடம்பே அசிங்கம் என்று நினைத்துக்கொண்ட குழந்தை, நாளைக்கு யாராவது தகாத இடத்தில் தொட்டாலும் அம்மாவிடம் வந்து சொல்லாது. எனக்குப் பெரிய பயம் அதுதான்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாட்டின் பொருள் அவளுக்குத் தெரியாது. ஆனால் எதற்கு விசில் வந்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதற்குமுன் சந்தோஷத்துக்காக ஆடியவள், இப்போது பார்க்கிறவர் கண்ணால் தன்னைப் பார்த்துக்கொண்டே ஆடுகிறாள். பாதியில் செல்போனை எடுப்பது அதனால்தான்.

1998-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு உண்டு. கல்லூரி மாணவ மாணவியரை ஒவ்வொருவராக அறைக்குள் அனுப்பி, சிலருக்கு நீச்சலுடை, சிலருக்கு ஸ்வெட்டர் கொடுத்து, ஆளுயரக் கண்ணாடியில் பார்க்கச் சொன்னார்கள். பிறகு கணக்குப் பரீட்சை. நீச்சலுடையில் இருந்த பெண்கள் ஸ்வெட்டர் போட்டிருந்த பெண்களைவிடக் குறைவாக மதிப்பெண் எடுத்தார்கள். ஆண்களுக்கு அந்தச் சரிவு இல்லை. இத்தனைக்கும் அறையில் வேறு யாருமே இல்லை. தன் உடம்பைத் தானே வேவு பார்ப்பதில் மனசின் ஒரு பங்கு செலவாகிவிடுகிறது. இப்படிப்பட்ட ஆய்வுகளைத் திரட்டி அமெரிக்க உளவியல் சங்கம் 2007-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சிறுமிகளைக் கவர்ச்சிப் பொருளாகக் காட்டும் போக்கு உணவுக் கோளாறு, தாழ்வு மனப்பான்மை, மனச்சோர்வு ஆகியவற்றோடு தொடர்புள்ளது என்றது. ஒரு தோசையோடு உங்கள் மகள் எழுந்துவிடுவதை நான் லேசாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் இது.

பள்ளிக்குத் தனியாகப் போகாதீர்கள். உங்களைப் போலவே வயிற்றைப் பிசைந்தபடி கைதட்டிய அம்மாக்கள் அந்த அரங்கில் நிச்சயம் இருந்திருப்பார்கள். இரண்டு பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். ரியாலிட்டி ஷோக்களில் சினிமாவில் பெரியவர்கள் ஆடும் ஆபாச அசைவுகளைக் குழந்தைகளை ஆடவைக்க வேண்டாம் என்று மத்திய தகவல் ஒலிபரப்புத் துறை 2019 ஜூனில் தனியார் சேனல்களுக்கு அறிவுரை அனுப்பியது. அது டிவிக்குச் சொன்னதுதான். ஆனாலும் பள்ளி முதல்வர் மேசையில் வைத்துப் பேசலாம். டான்ஸே வேண்டாம் என்று கேட்காதீர்கள், பிள்ளைகள் அழுவார்கள். பாட்டு, உடை, அசைவு மூன்றையும் முன்கூட்டியே பெற்றோருக்குக் காட்டச் சொல்லுங்கள். குதித்து, சுழன்று, கைகொட்டி ஆட எத்தனையோ பாட்டுகள் இருக்கின்றன.

அந்த ஆள் எழுதியதை மட்டும் அழித்தீர்களா, வீடியோவையுமா? உங்கள் கடிதத்தில் தெளிவாக இல்லை. வீடியோவையும் எடுத்துவிட்டு, அந்தக் கணக்கைத் தடுத்து, புகார் செய்யுங்கள். மறுபடி தொடர்புகொண்டால் அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். வீடியோவைப் போட்டதற்காக உங்களையே வதைத்துக்கொள்ள வேண்டாம். எல்லா வீட்டிலும் பெருமையாகச் செய்வதைத்தான் செய்தீர்கள்.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். அவர் சிறு வயதில் ஆடிய கும்மியைப் பேத்திக்குச் சொல்லித்தரச் சொல்லிப் பாருங்கள்.

வீட்டில் கொஞ்ச நாள் யாருடைய எடையும் பேச்சில் வரவேண்டாம், உங்கள் எடை உட்பட. "அழகா இருக்கே" என்பதற்குப் பதில் "எவ்வளவு உயரம் குதிச்சே!" என்று சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகும் அவள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போனாலோ, உடம்பு இளைத்தாலோ குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டிவிட்டு எனக்கு எழுதுங்கள்.